உறைந்த ஏரிக்கு முன் எரியோட்டுக் கிணறு: கயிறு பிடிக்கக் கற்ற இரண்டு நாள்

வரும் பிப்ரவரியில் நானும் தோழி நஸ்ரினும் பின்லாந்தில், உறைந்த ஏரிக்கு அடியில் டைவிங் செய்யப் போகிறோம். அதற்கு எதற்காக டிசம்பரில் திண்டுக்கல் போனாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். அதே பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கடலில் சிக்கல் என்றால் மேலே வந்துவிடலாம். ஏரியில் தலைக்கு மேல் பனிக்கட்டி. ரம்பத்தால் அறுத்த ஒரே துளைதான் வாசல். அதனால் உடம்போடு கட்டிய கயிற்றின் மறுமுனையை ஒருவர் மேலே நின்று பிடித்திருப்பார். ஆபத்தென்றால் இறங்கி மீட்க உபரியாக ஒருவர், நம்முடையதைவிட நீளமான கயிற்றோடு, முழு உடுப்பில் தயாராக உட்கார்ந்திருப்பார். பயிற்சியில் ஆளுக்கு ஒருமுறை கயிறு பிடித்தாக வேண்டும். எங்களுக்கு சிலிண்டர் தெரியும், கயிறு தெரியாது.

நஸ்ரினின் அத்தா, அதாவது அப்பா, திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறார். "இங்க குடிக்கத் தண்ணி வண்டிக்குக் காத்துக் கெடக்கோம், நீங்க ஐஸுக்கு அடியில முங்கப் போறீகளா?" என்று சிரித்தவர்தான் வழியும் சொன்னார். எரியோட்டில் வீரணன், பாண்டியம்மா என்று ஒரு தம்பதி. கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுப்பது தொழில். அவர் இறங்குவார், மனைவி கயிறு பிடிப்பார்.

சென்னையிலிருந்து இரவு ரயில், திண்டுக்கல்லில் காலை நாலே முக்கால். எரியோடு சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஐம்பது நிமிடம். நாங்கள் அத்தாவின் தோல் வேனில் போனோம், டீசலுக்கு அறுநூறு ரூபாய். ராமநாதபுரம் கடற்கரையில் வாடகைக்கு எடுத்த இரண்டு சிலிண்டர்களும் அதில்தான் வந்திருந்தன. ரயிலில் அவற்றை ஏற்றவிட மாட்டார்கள். தோல் வாடை இரண்டு நாளைக்கு முடியை விட்டுப் போகாது. சொல்லிவிட்டேன்.

ஏழு மணிக்கு, அவர்கள் அன்று மோட்டார் எடுக்க வேண்டிய தோட்டக் கிணற்றடியில் இருந்தோம். எழுபது அடி ஆழம், நாற்பதடியில் தண்ணீர். தோட்டக்காரர் எங்கள் இருவருக்கும் சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். வீரணனுக்கும் பாண்டியம்மாவுக்கும் காகிதக் கப். ஏன் என்று யாரும் விளக்கவில்லை, விளக்கவும் தேவையில்லை. என் டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் இருந்ததற்கு இன்னும் என் மேல் எனக்குக் கோபம்.

வீரணன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டம் வரை இறக்கினார். சுடர் ஆடாமல் எரிந்தது. உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். பாண்டியம்மா கணவரின் மார்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினார். எவ்வளவு இழுத்தாலும் இறுகாத முடிச்சு. பிறகு குனிந்து முகர்ந்துவிட்டு, நேற்று கிணற்றுக்குள் டீசல் இஞ்சின் ஓட்டினீர்களா என்று தோட்டக்காரரிடம் கேட்டார். ஆமாம், தண்ணீரைக் குறைக்கத்தான் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டினேன், உங்களுக்குத்தானே லேசு என்றார் அவர்.

பாண்டியம்மா முடிச்சை அவிழ்த்தார். "இன்னைக்குக் கயிறு இல்ல."

"வெளக்குதான் எரியுதுல்ல?" என்றார் தோட்டக்காரர்.

"எங்க பெரியப்பா மகன் செத்தன்னைக்கும் எரிஞ்சுச்சு."

தோட்டக்காரர் உடனே வேடசந்தூரில் வேறொரு கூட்டத்தைப் போனில் கூப்பிட்டார். அவர்களும் நாளைக்குத்தான் வருவார்களாம். அன்றைய கூலி போன வீரணன் பீடியைப் பற்ற வைத்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "கலியாணத்தன்னைக்கு நான் அவ கழுத்துல ஒரு தடவ கட்டுனேன். அதுக்குத் தெனம் என்னையக் கட்டுறா, அவுக்குறா."

அவரைவிட எனக்குத்தான் எரிச்சல். நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்திருக்கிறேன். எனக்கு சிலிண்டர் இருக்கிறதே, கிணற்றுக் காற்று எப்படி இருந்தால் என்ன என்று வாதாடினேன்.

"வாயில இருந்து அது நழுவுனா எந்தக் காத்தத்தான் குடிப்ப?" என்றார் பாண்டியம்மா.

இஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு எரியும். டைவிங் தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

அன்று முழுக்க கயிற்றில் கட்டிய வேப்பிலைக் கொத்தைக் கிணற்றுக்குள் ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கினோம். அதை மட்டும் நம்ப முடியாது. அத்தா தனக்குத் தெரிந்த தோல் பதனிடும் இடமொன்றிலிருந்து வாயு அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தார். விஷவாயு தங்கும் கழிவுத் தொட்டியில் ஆட்கள் இறங்கும் இடம் அது. கருவியோ பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் மேசை இழுப்பறைக்குள் கிடந்திருக்கிறது. மறுநாள் காலை அதைக் கிணற்றில் இறக்கினோம். பூஜ்யம். முந்தின நாள் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

எட்டேகாலுக்கு வீரணன் மோட்டாரில் கொக்கியை மாட்டிவிட்டு ஏறினார். அடுத்து நான். நஸ்ரின் முழு உடுப்பில் படியில் தயாராக உட்கார்ந்தாள். கையெட்டும் தூரம்கூடத் தெரியாத கலங்கல் தண்ணீர். எங்கள் பாடப்படி ஓர் இழுப்பு நலம், இரண்டு கயிறு விடு, மூன்று தூக்கு, நான்கோ அதற்கு மேலோ ஆபத்து. பாண்டியம்மாவின் முறை வேறு. இருபது எண்ணுவதற்குள் அவரே ஓர் இழுப்பு இழுத்துக் கேட்பார். பதில் வராவிட்டால் தூக்கிவிடுவார். கீழே இருப்பவன் ஆபத்து என்று சொல்லும் நிலையில் இருப்பான் என்பதை அவர் நம்புவதில்லை. பிடித்திருக்கும்போது பேச மாட்டார். வீரணனுக்கு ஒரு தம்பி உண்டு, கயிற்றை ஏன் அவனிடம் கொடுக்கவில்லை என்று பிறகு அவரிடமே கேட்டேன். ஒரு கையில் கயிறும் இன்னொரு கையில் போனுமாக நிற்பானாம்.

பனிக்கடியில் போகிறவர்களுக்கு: கயிறு நீளாத ரகமாக இருக்கட்டும். மலையேறும் கயிறு நீண்டு உங்கள் இழுப்பை விழுங்கிவிடும். உடலோடு தனிப் பட்டை போட்டு அதில் கட்டுங்கள், சிலிண்டரை மாட்டும் சட்டையில் அல்ல. சுவாசக் கருவி இரண்டு, தனித்தனி வால்வில். தண்ணீருக்குள் போகும் முன் குளிர் காற்றில் அதில் மூச்சு விடாதீர்கள், உறைந்துகொள்ளும். கையுறை ஒன்பதாயிரம் ஆகும். அது வீரணன் ஆறு கிணறு இறங்கும் கூலி. கிணற்றில் நீங்களாக இறங்கிப் பழகவே பழகாதீர்கள்.

கிளம்பும்போது தோட்டக்காரர், அடுத்த முறை வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பாண்டியம்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "பாத்துக்கங்க. கயிறு யாரு புடிக்கிறான்னும் கேட்டுக்கங்க" என்றார்.

ஊர் வந்ததும் பின்லாந்துக்காரர்களுக்கு ஒரே கேள்வி எழுதினேன்: கயிறு பிடிப்பவர் முடியாது என்றால் என்ன நடக்கும்? அன்றைய டைவ் ரத்து, காரணம் கேட்க மாட்டோம், மறுநாள் கட்டணமில்லாமல் இறங்கலாம் என்று பதில் வந்தது. மீதிப் பணத்தைக் கட்டிவிட்டேன். நீங்களும் இதைக் கேட்காமல் கட்டாதீர்கள். எரியோட்டில் ‘முடியாது’ என்ற அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு நாள் கூலியும், அடுத்த கிணறும் விலை.