பேட்டரிக்கு வைத்த பொட்டு

எங்கள் அம்மா வருஷக்கணக்கில் எங்கள் ஊரான நகரியைத் தாண்டவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார். உண்மை வேறு. அவரால் சிறுநீரை அடக்க முடியாது. வழியில் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியுமா என்கிற பயம். இந்தப் பயத்தில் எத்தனையோ கல்யாணங்களைக் கோட்டை விட்டார். குப்பம் என்ற ஊரில் இருக்கும் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோதும் அம்மா போனில்தான் அழுதார். அதைப் பார்த்த பிறகுதான் பழைய வேன் ஒன்றை வாங்கினேன்.

வாங்கி, நானே அதை வீடாக மாற்றினேன். பெருமையடிப்பதுபோல இருக்கிறதா? பெருமைதான், இருக்கட்டுமே. ஒரு கட்டில், விசிறி, விளக்கு, பின்பக்கம் கதவு போட்ட சின்னக் கழிப்பறை. தண்ணீர்த் தொட்டி வண்டிக்கு அடியில் இருந்தது. மோட்டார் ஓடினால்தான் குழாயில் தண்ணீர் வரும். இதற்கெல்லாம் கட்டிலுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி. வண்டியை ஓட்டும் பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் மலைக்கோயில் அடிவாரமான அலிபிரியில் பூஜை போடாமல் எங்கேயும் கிளம்ப மாட்டோம். அன்று காலை மலையடிவாரத்தில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே ஏறினார். ஸ்டீயரிங், அடுப்பு, குழாய், கழிப்பறைக் கதவு, ஒன்றையும் விடவில்லை. நான் துடைப்பதற்காகப் பேட்டரி முனையில் ஒயரை மாட்டும் கிளாம்பைக் கழற்றி வைத்திருந்தேன். மொட்டையாக நின்ற அந்த முனைக்கும் சந்தனத்தைத் தடிமனாக அப்பிக் குங்குமம் வைத்தார். பூஜை முடிந்ததும் அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முடுக்கினேன். விசிறி ஜோராகச் சுற்றியது. அம்மா, மனைவி, நான், மூவரும் குப்பத்துக்குக் கிளம்பினோம்.

சித்தூருக்குக் கொஞ்சம் முன்னால் விசிறி நின்றது.

"இன்னாடா, காத்தக் காணோம்?" என்றார் அம்மா.

விளக்கும் எரியவில்லை, மோட்டாரும் ஓடவில்லை. புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவன். ஊரார் செய்ததில் எல்லாம் குறை கண்டுபிடிப்பவனுக்குத் தன் கையால் செய்தது நின்றுபோனால் எப்படி இருக்கும்! ஸ்விட்சைத் திட்டினேன், ஒயர் விற்றவனைத் திட்டினேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவியையும் விட்டுவைக்கவில்லை.

"திட்டினா கரண்டு வருமா? மீட்டர வெச்சிப் பாருங்க மொதல்ல," என்றாள் அவள்.

அம்மா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது எனக்குத் தெரிந்த அடையாளம், கழிப்பறைப் பயம் வந்துவிட்டது. "பர்வாலேது, போவட்டும். ஊட்டுக்கே திருப்பிடுடா. அக்காவ இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்பது வராது. இன்று திரும்பினால் அம்மா இனி வாசலைத் தாண்ட மாட்டார். பாட்டில் தண்ணீர் வைத்துச் சமாளிக்கலாம் என்றேன். "அந்த இருட்டுப் பொட்டிக்குள்ளயா? நான் மாட்டேன்," என்றுவிட்டார்.

மீட்டரை எடுத்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஆனால் ஃபியூஸ் வரைக்கும் கரண்டே வரவில்லை. பேட்டரி முனையில் ஊசியை அழுத்தினேன், முழு சார்ஜ். அதே முனையில் மாட்டிய கிளாம்பில் வைத்தேன், ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது சந்தனம்தான். ஈரமாக இருந்தவரை எப்படியோ ஒப்பேற்றியிருக்கிறது. கட்டிலடிச் சூட்டில் காய்ந்து கட்டியாகி, கரண்டை நிறுத்திவிட்டது.

சிரிப்பு வந்தது. கிளாம்பைக் கழற்றித் துணியை எடுத்தேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பூஜை போட்டு இன்னும் அரை நாள் ஆவல. குங்குமத்த அழிக்கறதா?"

வீரமாகத் துணியை நீட்டி, "அப்போ நீயே துடை," என்றேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கும் கை நீளவில்லை என்பதுதான் நிஜம். காரணம் தெரிந்த கோளாறை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் விழித்தோம்.

"தள்ளுங்க ரெண்டு பேரும்," என்றார் அம்மா.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, முந்தானை நுனியால் முனையை அழுத்தித் துடைத்தார். கிண்ணத்தில் மீந்திருந்த சந்தனத்தை எடுத்துப் பேட்டரியின் பிளாஸ்டிக் பக்கத்தில் புதிதாகப் பொட்டு வைத்தார். "இங்க குந்திக்கோ சாமி. அங்க அவங்க வேல செய்யட்டும்."

உப்புத்தாளால் முனையைத் தேய்த்துக் கிளாம்பை முடுக்கினேன். விசிறி சுற்றியது. மோட்டார் உறுமியது. கழிப்பறையில் விளக்கு எரிந்தது. அம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நாங்கள் கீழே இறங்கி நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் மனைவி என் தோளில் ஓர் அடி போட்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

அம்மா வெளியே வந்து, ஈரக் கையோடு போனை எடுத்தார்.

"அக்கா, களி கிண்டி வெக்கச் சொல்லு. நான் வந்துக்கினு கீறேன்."