பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க

பள்ளிக்கூடத்தில் அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. பல்கலைக்கழகத்திலும் அவள் டீச்சர்தான். அங்கே அவள் மாணவி. சமூகவியல் துறையில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவி. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர், அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்க வேண்டிய வயதுக்காரர்கள். மதியத்துக்கு மேல், கடைசி மணி அடித்ததும், விரலில் சாக்பீஸ் தூளோடு ஓடி வருவாள். இடத்தில் உட்கார்ந்ததும் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பாள். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் தொடுவாள்.

அவளுடைய ஆராய்ச்சி ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆரம்பித்தது. கணவருக்குக் கை எலும்பு முறிந்து, பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த நாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாள் தன் பையை அவள் மடியில் வைத்து, "கொஞ்சம் பார்த்துக்கோங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'இதோ' வெகுநேரம் நீண்டது. தாகம் எடுத்தும் டீச்சர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற ஜனங்கள், இந்த வராந்தாவுக்கு வந்ததும் எதை நம்பிப் பையைக் கொடுக்கிறார்கள்? அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதே வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். நோயாளிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருந்தார்கள். இவள், கூட வந்தவர்களைப் பற்றி எழுதினாள்.

"எனக்குக் கை உடைஞ்சா இவளுக்கு டாக்டர் பட்டம் வருது. கால் உடைஞ்சா என்ன வருமோ" என்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் மேலே ஏறுவது, கீழே இறங்குவது, நடுவில் மாட்டிக்கொள்வது என்று மூன்றாகத்தான் பிரிப்பார். அவருடைய கணக்கில் இந்த ஆய்வேடு ரொம்ப காலமாக நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

அது உண்மைதான். விடைத்தாள் திருத்தல், மகளுக்கு மஞ்சள் காமாலை, தலைமை ஆசிரியர் தலையில் கட்டிய தேர்தல் வேலை என்று ஒவ்வொன்றாக வந்து எழுத்தைத் தின்றன. அவகாசம் கேட்டு, மறுபடி கேட்டு, இனிமேல் கேட்க வழியே இல்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் ஆய்வேடு கவுன்டருக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பதிவு ரத்து. அவ்வளவு வருஷமும் வராந்தாவில் சும்மா உட்கார்ந்த வருஷமாகிவிடும்.

ஆனாலும் அந்த வாரம் தொடங்கும்போது அவளுக்குப் பயம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வாரம் முழுக்க லீவு போட்டிருந்தாள். எல்லாச் சாப்டரும் தயார். கடைசி முறை சரிபார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குப் பக்கபலமாக ரேடியோ இருந்தாள்.

ரேடியோ முழுநேர ஆராய்ச்சி மாணவி. வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். கூப்பிட்டால் அவளே "சொல்லுங்க, நேயர்களே" என்பாள். இருவருக்கும் ஒரே கைடு. ஆராய்ச்சி அறையின் கோடியில், உடைந்த ஏ.சி.க்குக் கீழே இருவரும் வழக்கமாக ஒன்று செய்தார்கள். ஒருத்தி தான் எழுதியதைச் சத்தமாக வாசிப்பாள். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வாக்கியம் எங்கே இடறுகிறதோ அங்கே கையைத் தூக்குவாள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசிப்பவளே நிறுத்தி, சரி பண்ணி, மேலே போவாள். டீச்சரின் ஆய்வேட்டில் ரேடியோவின் காதுக்குள் போய் வராத வரி ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஒரு நேரம்தான் ரேடியோ வாயை மூடியிருக்கும் நேரம். டீச்சர் அதைப் பெரிய மரியாதையாக நினைத்தாள்.

ரேடியோவின் தலைப்பு, பஸ் நிலையங்களில் காத்திருப்பவர்கள். இரண்டு வருஷமாக அது நகரவில்லை. திடீரென்று போன மாதம் நகர்ந்தது. செவ்வாய்க்கிழமை துறையில் எல்லோர் முன்னாலும் ஆய்வுரை. அதன்பிறகு அவளும் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம்.

"நீங்க வராதீங்க டீச்சர். உங்களுக்கே கழுத்துல கத்தி. நான் என்ன புதுசா பேசிடப் போறேன்? வழக்கமா அடிக்கிற அரட்டைதான்."

"அரட்டைன்னா நீ நல்லாத்தான்டி பண்ணுவ."

வராதே என்று சொன்னதை டீச்சர் அக்கறை என்றே எடுத்துக்கொண்டாள். அதனால்தான் போனாள். மேடையில் தடுமாறினால் எதிரே தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டுமே. கருத்தரங்க அறையின் பின்கதவு வழியாக நுழைந்து, தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரேடியோ தடுமாறவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்ல நான் ஒரு பெரியவரைப் பார்த்தேன்" என்று அவள் தொடங்கினாள். "கையில பச்சை ரெக்ஸின் பை. என்கிட்ட குடுத்து, கொஞ்சம் பார்த்துக்கோங்க, திறக்காதீங்கன்னாரு. திரும்பி வந்து அவரே திறந்து காட்டினாரு. உள்ள காத்துப்போன ஒரு ஃபுட்பால். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மகனோடது. தினமும் எடுத்துட்டு வந்து காட்டிட்டு, தினமும் திரும்ப எடுத்துட்டுப் போறாரு."

அறையில் ஒரு 'ச்சு' எழுந்து அடங்கியது. முன்வரிசையில் கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டீச்சருக்குத் தன் வீட்டுப் பாத்திரத்தை யாரோ கடைத்தெருவில் பரப்பி வைத்தது போல இருந்தது. அது அவளுடைய மூன்றாம் சாப்டர். பஸ் ஸ்டாப் என்ற ஒரு சொல் மட்டும் புதிது. மற்றபடி பை, பெரியவர், பையைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி அவள் கண்டு சொன்ன நாலு விஷயங்கள், அவை வந்த வரிசை எல்லாம் அப்படியே. கை தூக்கப்பட்ட இடங்களில் அவள் திருத்திய திருத்தங்கள்கூட இருந்தன. கேட்கக் கேட்க அவள் கை தானாக மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. அதை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அப்படி ஒரு பெரியவர் இல்லை. பச்சைப் பை இல்லை. ஃபுட்பாலும் இல்லை.

நிஜத்தில் டீச்சரிடம் பையைக் கொடுத்தவர் நடுவயதுக்காரர். உள்ளே படுத்திருந்தது மகன் இல்லை, மனைவி. பைக்குள் இருந்தது ஒரு விக். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிப்போன மனைவி, ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது வைத்துக்கொள்வதற்காக. என்ன நோய் என்று சொந்தக்காரர்களுக்கும் தெரியாது, அவர் வேலை பார்க்கும் இடத்திலும் தெரியாது. "யாருக்கும் தெரியக் கூடாதும்மா" என்று அவர் கேட்டுக்கொண்டார். வேலை பார்க்கும் இடம் இதே பல்கலைக்கழகம். வளாகத்துக்குள் ஓடும் பஸ்ஸின் டிரைவர் அவர்தான். பெயரை மட்டும் மாற்றினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, டீச்சர் ஆளை மாற்றினாள், வயதை மாற்றினாள், பையின் நிறத்தை மாற்றினாள், உள்ளே இருந்ததையும் மாற்றினாள். களஆய்வு செய்கிறவர்கள் இப்படி மறைப்பது வழக்கம்தான். இவ்வளவு மறைத்தேன் என்பதை மட்டும் அவள் ரேடியோவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, "அப்போ நிஜத்துல யாரு?"

ரேடியோ, டீச்சர் கற்பனையில் தைத்த பையைத் தன் இரண்டு கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் நடையில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். ரேடியோவின் முகம் ஒரு கணம் ஸ்டேஷன் கிடைக்காமல் போனது.

"நீங்க வருவீங்கன்னு நினைக்கலை டீச்சர்."

"அது நல்லாத் தெரியுது."

"கேட்டுக் கேட்டு... எது உங்களுது, எது என்னுதுன்னே எனக்குத் தெரியாமப் போயிடுச்சு."

"அது எப்படி? எனக்குத் தெரியுதே."

ரேடியோ கையிலிருந்த தாள்களை மடித்தாள். "சார்கிட்ட பேசுங்க டீச்சர். அவருக்குத் தெரியும்" என்றாள். அந்தக் கடைசி இரண்டு சொற்களை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

கைடு டீச்சரை உட்காரச் சொன்னார். மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். அவருடைய எல்லாக் கெட்ட செய்திகளும் விசிறியைக் குறைத்த பிறகுதான் வரும்.

"ஒரே துறை, ஒரே கைடு. கொஞ்சம் கலந்துடத்தாம்மா செய்யும். தலைப்பை யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்கலையே."

"நீங்கதான் எடுத்துக்கச் சொன்னீங்களா சார்?"

"எடுத்துக்கன்னு சொல்லலை. மாதிரிக்குப் பாருன்னேன். அவளுக்கு இந்த மாசத்தோட ஃபெலோஷிப் முடியுது. முடிச்சாத்தான் வேலை. உனக்குத்தான் வேலை இருக்கே. உன்கிட்ட இன்னும் நாலு சாப்டர் இருக்கு."

"அது அஞ்சுலயும் நல்லது சார்."

"அதனாலதான் சொன்னேன், பாருன்னு" என்றார் அவர். பாராட்டு மாதிரியே இருந்தது. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "வேணும்னா எழுதிக் குடு, கமிட்டி போடறேன். ஆனா கமிட்டி உட்கார்ந்து எழுந்திருக்கறதுக்குள்ள உன் பதிவு காலாவதியாயிடும். சாப்டரை அப்படியே வெச்சேன்னா, நாளைக்கு நீதான் அவகிட்ட எடுத்ததா ஆகும். நீ உன் ஆய்வுரையில இதைப் பேசலை, அவ சபையில பேசியாச்சு. உன்னுதுதான்னு அடிச்சுச் சொல்ல உன்கிட்ட ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஒரு வாக்கியம் போதும். 'அந்தப் பெரியவர் நான் உண்டாக்கின ஆள் சார்; நிஜ ஆள் இன்னார்.' கமிட்டியே வேண்டாம், இந்த அறையிலேயே தீர்ந்துவிடும். மாலைக்குள் துறைக்குத் தெரியும். மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேரும் டிரைவரின் பின்கழுத்தைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள்.

"இல்லை சார்" என்றாள்.

வெளியே வந்தபோது அந்த பஸ்தான் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "என்ன டீச்சர், முடிஞ்சுதா?"

"முடியப் போகுதுண்ணே."

"முடிச்சுடுங்க. எத்தனை நாளா அலையறீங்க."

ஆஸ்பத்திரியைப் பற்றி இருவரும் பஸ்ஸில் பேசியதே இல்லை. 'நீங்க ஒரு தடவை வந்து சார்கிட்ட சொல்றீங்களா அண்ணே?' என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. கேட்டால் மறுக்கமாட்டார். அதனாலேயே கேட்க முடியவில்லை. தன் நிறுத்தத்தில் இறங்கினாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணுக்கு நான் டீ போட்டுக் குடுத்திருக்கேன். சக்கரை தூக்கலா" என்றார். அவருக்குத் தெரிந்த ஆகப் பெரிய குற்றச்சாட்டு அதுதான். பிறகு, "சொல்லிடேன்டி. அந்த ஆளு பேரைச் சொல்லாம சொல்ல முடியாதா?" என்று கேட்டார்.

"பேரைச் சொல்லலைன்னா கதை விடறேம்பாங்க. சொன்னா, அவரு என்னை நம்பினதுக்கு என்ன அர்த்தம்?"

"உன்னை நம்பினது சரி. நீ நம்பினவ?"

அவள் அடுப்படி மேடையில் கிடந்த வெங்காயத்தோலைக் கையால் ஒதுக்கிவிட்டு, அங்கேயே லேப்டாப்பைத் திறந்தாள். மூன்றாம் சாப்டரைத் தேர்ந்தெடுத்தாள். திரை முழுக்க நீலமானது. ஒரு விரலால் அழித்தாள்.

நடுவில் குழி விழுந்த ஆய்வேட்டை எப்படிக் கொடுப்பது? ஒதுக்கி வைத்த பேட்டிகளைத் தோண்டினாள். பையைக் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்து, பையையும் காணாமல் ஆளையும் காணாமல் நின்றவர்கள் சிலர் இருந்தார்கள். தன் வாதத்துக்குப் பொருந்தவில்லை என்று அவர்களை எல்லாம் சேர்த்து அடிக்குறிப்பு ஒன்றில், 'விதிவிலக்குகள்' என்று அடைத்து வைத்திருந்தாள். ஒரு பெண், மருந்துச் சீட்டும் ஸ்வெட்டரும் போன பிறகு, திருடியவளைத் திட்டாமல் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்: "முகத்தைப் பார்த்தேனே, முகத்தைப் பார்த்துத்தானே குடுத்தேன்." அன்றைக்கு டீச்சர் அதைக் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான். இப்போது அந்த வரியை மறுபடி படித்தபோது கண் எரிந்தது. வெங்காயம் என்று வைத்துக்கொண்டாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அடுப்படி மேடைதான் மேசை. சமையல் கணவர் கைக்கு மாறியது. உப்பு இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தாள். எங்கே இடறுகிறது என்று தனக்கே தெரியவில்லை. கை தூக்க ஆள் இல்லை. புதிய சாப்டர் பழையதைப் போல வரவில்லை. ஒல்லியாக, அவசரமாக, ஓரங்கள் பிசிராக இருந்தது. இதைக் கேட்டு யாரும் 'ச்சு' கொட்டமாட்டார்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கமாட்டார்கள். அவளுடைய நல்ல சாப்டர் வேறொருத்தியின் ஆய்வேட்டில் வேறொரு அட்டைக்குள் இருக்கும். அதற்கு என்ன செய்தாலும் மாற்றில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல், பைண்டிங் பசை காயாத பிரதிகளோடு கவுன்டருக்குப் போனாள். கவுன்டர் மாடியில். லிஃப்ட் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தது. இரைக்க இரைக்க ஏறி, கொடுத்து, முத்திரை விழும் சத்தத்தைக் கேட்டாள். "ரசீது வரும், உட்காருங்க" என்றார் எழுத்தர். சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பழக்கதோஷம். இந்த வாரம் சாக்பீஸைத் தொட்டதே இல்லை.

படியேறி ரேடியோ வந்தாள். அவளுக்கும் இன்றைக்குத்தான். தோளை இழுக்கிற கனத்தில் பை; உள்ளே அத்தனை பிரதிகள். டீச்சரைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கவுன்டருக்குப் போனாள்.

"அடையாள அட்டை நகல் எங்கம்மா? கீழே போய் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. சீக்கிரம், மூடப்போறோம்."

ரேடியோ திரும்பினாள். அவசரத்தில் கால் தானாக பெஞ்சை நோக்கி வந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கி டீச்சருக்குப் பக்கத்தில் வைத்தாள். "டீச்சர், இந்தப் பையைக் கொஞ்சம்—"

அங்கேயே நின்றுவிட்டாள். அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன என்று இருவருக்கும் தெரியும். டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். முடியாது என்று சொல்லவில்லை.

ரேடியோ குனிந்து பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக, அந்தக் கனத்தோடு இறங்கினாள். நடுத்திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்பது மேலே கேட்டது. பிறகு மீண்டும் காலடிச் சத்தம்.

வைத்துவிட்டுப் போயிருந்தால் டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். தாகம் எடுத்தாலும் எழுந்திருக்கமாட்டாள். அது ரேடியோவுக்கும் தெரிந்திருக்கும். கேட்கத்தான் அவளால் முடியவில்லை.

"ரசீது" என்று எழுத்தர் கூப்பிட்டார். டீச்சர் எழுந்தாள். பெஞ்சில் பை இருந்த இடத்தை விட்டு, அது இன்னும் அங்கே இருப்பது போல, ஒதுங்கி நடந்தாள்.