வைக்கோல் அடைத்த கிட்டார்

பகலவனுக்கு இருபத்து நான்கு வயதாகும்வரை எதையும் தேர்ந்தெடுக்கும் தொல்லை இருந்ததில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார். பொறியியலில் எந்தத் துறை என்பதைப் பூதலூர் பிரௌசிங் சென்டர்காரர் பார்த்துக்கொண்டார். கரண்டு போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், திரையில் முதலில் தெரிந்த மெக்கானிக்கலைச் சொடுக்கிவிட்டு, "வாழ்த்துகள் தம்பி" என்றார். சட்டையைத் தங்கை செம்மொழி எடுப்பாள். கேள்வித்தாளில் 'ஏதேனும் ஐந்தனுக்கு விடையளி' என்று இருந்தால் பகலவன் எட்டுக்கும் எழுதிவைப்பான். எது நன்றாயிருக்கிறதோ அதைத் திருத்துகிறவரே எடுத்துக்கொள்ளட்டுமே.

இப்படியாகத்தான் அந்த வீட்டின் முதல் பட்டம் வந்து சேர்ந்தது. அப்பா மருதையன் முப்பது வருடம் அடுத்தவர் வயலில் வரப்போரம் அண்டை வெட்டியவர். இப்போதுதான் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். மகனின் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டு, டிவிக்கு மேலே மாட்டினார். மூன்று வருடமாக அது மாட்டிய இடத்திலேயே இருந்தது. பட்டம் வாங்கியவனும் ஏறக்குறைய அப்படித்தான். "பையன் தேடிக்கிட்டு இருக்கான்" என்று அம்மா அம்சம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். தேடியது உண்மைதான். எதைத் தேடுகிறான் என்று யாராவது அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார்களோ என்றுதான் அவன் பயந்துகொண்டிருந்தான்.

ஒன்று மட்டும் அவனுக்கு நன்றாக வரும். திருச்சி விடுதியில் அறைத்தோழன் ஒரு கிட்டார் வாங்கிவைத்திருந்தான். வாங்கியதோடு அவன் கடமை முடிந்துவிட்டது. நான்கு வருடமும் அதை வாசித்தவன் பகலவன்.

தஞ்சாவூரில் மீரா உசேன் என்பவர் இன்னிசைக் குழுவும் சவுண்டு சர்வீசும் நடத்துகிறார். அவருடைய கிட்டார்காரர் மலேசியாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, பகலவன் போய் நின்றான். யாருடைய கிட்டாரையோ கையில் கொடுத்தார்கள். பாதிப் பாட்டிலேயே உசேன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாசிப்பு இருக்கு. சொந்தமா கிட்டாரு இருக்கா?"

"இல்ல பாய்."

"வாங்கிடுங்க. இன்னும் பத்து நாள்ல பூதலூர்ல ஒரு காதணி விழா. அங்க சரியா வந்துச்சுன்னா இந்த சீசன் முழுக்க நீங்கதான்."

"எந்த ஷேப்ல வாங்கட்டும் பாய்?"

உசேன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கழுத்துல மாட்டுற ஷேப்ல."

வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். பகலவன் படித்தவன். லேப்டாப்பைத் திறந்து, கிட்டார்களை ஒப்பிட்டு மதிப்பெண் போட எக்ஸெல்லில் பதினான்கு பத்திகள் போட்டான். திருப்பூரில் பெரியப்பா மகன் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பேசிவைத்து, மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்று காத்திருந்தான். அந்தப் பதில் 'இல்லை' என்று இருக்கவேண்டுமானால் உசேனின் சீசன் கிடைத்தாக வேண்டும். சீசன் கிடைக்க கிட்டார் சரியாக அமைய வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக அவனாகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறான். அதுவும் தப்பாகிவிட்டால் கைகாட்ட ஒரு பிரௌசிங் சென்டர்காரர்கூடக் கிடையாது.

ஆறு வடிவங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. உலகத்தில் பாதிப்பேர் வைத்திருக்கும், முழுக்கட்டையில் செய்த இரட்டைக் கொம்பு ஸ்ட்ராட். அதைப் பார்த்த மருதையன், "ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை. சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா பாதி விலைக்குத்தான் கேப்பான்" என்றார். காய் நறுக்கும் பலகைக்கு ஒரு பக்கம் கொம்பு வைத்தது போன்ற டெலி இருந்தது. ஒற்றைக் கொம்போடு பருத்த ஒன்று இருந்தது, அதன் எடையைக் கேட்டதும் மருதையன், "நாலு மணி நேரம் தோள்ல கெடக்கணும்ல? உரமூட்டை தூக்குனவன்கிட்ட ஒரு வார்த்தை கேளு" என்றார். பகலவன் அந்த ஆலோசனையை மதித்து எடைக்கு நூற்றுக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கினான். 'ஆளுமை' என்ற பத்திக்கு முப்பது.

மெலிந்த உடம்பும் கூர்கொம்புமாக ஒன்று, கையை எடுத்தால் தலை தரையைப் பார்த்துச் சாயும் என்றார்கள். அம்பு முனையைப் பிளந்தது போன்ற வி வடிவத்தை அம்சம் வெகுநேரம் பார்த்தாள். "இது ஏன்டா உக்காரவே எடமில்லாம இருக்கு? வாசிக்கிறவன் உக்கார மாட்டானா?"

கடைசியில் இருந்தது ஹாலோ பாடி. உள்ளே வெறும் காற்று. வயிற்றின்மேல் வளைவாக இரண்டு துளைகள். வயலினுக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். இணையத்தில் ஒருவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, 'தான் யார் என்று அறிந்தவர்களுக்கான கிட்டார் இது' என்று கண்ணை மூடிச் சொன்னார். பகலவனுக்குத் தான் யார் என்று தெரியாது. கிட்டாரோடு சேர்த்து அதையும் இலவசமாகக் கொடுப்பார்களோ என்று தோன்றியது.

எக்ஸெல், ஸ்ட்ராட் என்று விடை சொன்னது. பகலவனுக்குப் பிடிக்கவில்லை. மதிப்பெண் ஒதுக்கீட்டைக் கொஞ்சம் திருத்தினான். மறுபடியும் ஸ்ட்ராட். ஆளுமைக்கு ஐம்பது ஆக்கினான். ஆறாவது திருத்தத்தில் ஹாலோ பாடி முதலிடத்துக்கு வந்தது.

"கணக்கே சொல்லுது பாரு" என்று செம்மொழியிடம் காட்டினான்.

"கழுத்தப் புடிச்சா யாரும் சொல்லுவாங்க" என்றாள் அவள். "அண்ணே, நீ கிட்டாரு வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?"

டியூஷன் எடுத்துச் சேர்த்ததெல்லாம் திருச்சிக் கடையில் போய்ச் சேர்ந்தது. பழுத்த புளியம்பழ நிறத்தில், பளபளவென்று வீட்டுக்கு வந்தது ஹாலோ பாடி. கூடவே வாங்கிய சின்ன ஆம்ப்ளிஃபையரில் போட்டு வாசித்தால் தேன். அம்சம்கூட அடுப்படியிலிருந்து, "கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் அகராதியில் அது பத்மஸ்ரீ.

காதணி விழா பூதலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், காலை பதினோரு மணிக்கு. உசேன் பாயின் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் பக்கத்துக்கு நான்காக அடுக்கியிருந்தன. கீழே தாய்மாமன் மடியில் குழந்தை அலறிக்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியோடு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பகலவன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, வால்யூமைத் திருகி, முதல் கம்பியை மீட்டினான்.

வெற்று வயிறுள்ள கிட்டார் பெரிய பெட்டிகளின் முன்னால் நின்றால், பெட்டியின் சத்தம் அந்த வயிற்றுக்குள் புகுந்து, கம்பியை உலுக்கி, திரும்பப் பெட்டிக்கே போய்ப் பெருகி, ஊளையாகும். கிட்டார் பிடித்தவர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பகலவனும் படித்திருந்தான். பதினான்கு பத்திகளில் இதற்கு மட்டும் ஒரு பத்தி போடவில்லை. போட்டிருந்தால் ஹாலோ பாடி ஜெயித்திருக்காதே.

ஊளை மண்டபத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. சீர்த்தட்டோடு வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். குழந்தை பிரமித்துப்போய் அழுகையை நிறுத்தி, வாயைப் பிளந்துகொண்டு மேடையைப் பார்த்தது. அந்த ஒரு நொடியில் ஆசாரி வலது காதைக் குத்தி முடித்தார். அன்று பகலவனின் வாசிப்பை மனமாரப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, இந்தக் காதுக்கும் அதே மாதிரி ஒண்ணு விடுங்க" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பகலவன் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு வாசித்தான். கிட்டார் வரவேண்டிய இடங்களையெல்லாம் கீபோர்டுக்காரர் நிரப்பினார். வீடியோக்காரருக்கு இந்த உண்மை தெரியாததால் அவன் விரல்களை நெருக்கத்தில் எடுத்துத் தள்ளினார்.

வண்டியில் பெட்டி ஏற்றும்போது உசேன் பக்கத்தில் வந்தார். "தம்பி, வாசிச்சது எப்படின்னு சொல்ல முடியல, ஏன்னா காதுல விழல. நடிச்சது நல்லாருந்துச்சு."

"பாய், அது ஹாலோ பாடிங்கறதால..."

"எந்த பாடியோ. ஞாயித்துக்கெழம காலையில வேதாரண்யத்துல கல்யாணம். வேற ஆளு சிக்கல, அதனால கூப்பிடுறேன். அங்கயும் ஊளை விட்டுச்சுன்னா உங்கள உப்பளத்துல எறக்கிவிட்டுட்டு வண்டி திரும்பிடும்."

கடைக்குப் போன் செய்தான். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று பில்லின் பின்புறம் அச்சிட்டிருப்பதை அவர்கள் அன்போடு வாசித்துக் காட்டினார்கள். திருப்பூரிலிருந்து, "என்னடா முடிவு பண்ணுன?" என்று செய்தி வந்திருந்தது. பகலவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்தான். வீட்டுக்குள் இருந்தால் டிவிக்கு மேலே பட்டம் தெரியும்.

கொட்டகையில் மருதையன் பால் கறந்துகொண்டிருந்தார். தை மாதம் பசுவின் கன்று செத்துப்போயிருந்தது. அதன் தோலில் வைக்கோல் அடைத்துத் தைத்து, கறக்கும்போது பசுவின் முன்னால் நிறுத்துவார். பசு அதை நக்கிக்கொண்டே பாலை இறக்கும். நான்கு குச்சிக் காலில் நின்ற அந்த வைக்கோல் கன்றுக்குப் பக்கத்தில், பளபளக்கும் கிட்டாரோடு பகலவன்.

தூக்குச்சட்டி எடுக்க வந்த செம்மொழி ஒரு கணம் நின்று பார்த்தாள். "நல்ல ஜோடி. பாக்கத்தான் அழகு, உள்ள ஒண்ணுமில்ல. அதுலயாவது வைக்கல் இருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பகலவனுக்குக் கோபம் வர இரண்டு நொடி ஆனது. மூன்றாவது நொடியில் எழுந்து, மெஷின் சுருட்டிப்போட்ட வைக்கோல் ரோலிலிருந்து ஒரு கை உருவினான்.

துளை வழியாக வைக்கோலை ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினான். கிட்டாரின் வயிறு மாட்டின் வயிற்றுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. போடப் போடப் போனது. மருதையன் செம்போடு வந்து நின்று பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. பொறியியல் படித்தவன், காரணம் இருக்கும். அம்சம் மட்டும், "சுவிச்சு ஒயரு இருக்குற எடத்துல வைக்காதடா, தீப்பிடிச்சிரப் போவுது" என்றாள். அடைத்தது துளை வழியே பிதுங்காமலிருக்க மேலே காகிதம் வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த பயோடேட்டாக்களைக் கசக்கித் திணித்தான். மூன்று வருடத்தில் அவை ஓரிடத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை.

செய்து முடித்தபின்தான் உறைத்தது. கூடுதல் பணம் கொடுத்து உள்ளே காற்றுள்ளதாகப் பார்த்து வாங்கி, அந்தக் காற்றை வைக்கோல் போட்டு வெளியேற்றி, கடைசியில் ஒரு கட்டைக் கிட்டாராக்கியிருக்கிறான். கட்டைக் கிட்டாரை எக்ஸெல் முதல் நாளே சொன்னது. ஆம்பில் போட்டுப் பார்த்தான். தேனில் பாதி போய்விட்டது. தூங்கி எழுந்தவன் குரல் மாதிரி கொஞ்சம் தடித்து ஒலித்தது. பெரிய பெட்டிக்கு முன்னால் ஊளை விடுமா விடாதா என்பதை வீட்டில் சோதிக்க வழியில்லை.

வேதாரண்யம் கல்யாணத்தில் பெட்டிகள் பக்கத்துக்கு ஆறு. கடற்காற்றில் கம்பியெல்லாம் பிசுபிசுத்தது. முகூர்த்தம் முடிந்து முதல் பாட்டு. கொதிக்கிற வெந்நீரில் விரல் வைப்பவனைப் போல பகலவன் வால்யூமைக் கொஞ்சம் திறந்தான். ஊளை வரவில்லை. இன்னும் கொஞ்சம். வரவில்லை. பாதிக்கு மேல் திருகினான். உசேன் மிக்சருக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டினார், கை ஸ்விட்சின் மேலேயே இருந்தது. பாட்டின் நடுவில் கிட்டாருக்கென்று எட்டு வரி இடம். கீபோர்டுக்காரர் பழக்க தோஷத்தில் அதற்கும் கையைத் தூக்கினார். பகலவன் அதற்குமுன் புகுந்தான். எட்டு வரியும் அவனே வாசித்தான். எங்கே எதை எடுப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை.

நான்காவது பாட்டில் டிரம்ஸ் அதிர்ந்தபோது காகிதம் விலகி, துளையிலிருந்து வைக்கோல் தூசி பொலபொலவென்று மேடையில் கொட்டியது. பெண் வீட்டுக் குழந்தைகள் அதைப் பொறுக்க வந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியடியில் உசேன் கேட்டார். "தம்பி, என்ன கொட்டுச்சு?"

"வைக்கல் பாய்."

உசேன் கிட்டாரை வாங்கி, துளையில் விரலை விட்டு ஒரு காகித நுனியை இழுத்தார். "இதென்ன, 'சொந்த ஊர், தந்தை பெயர்'னு போட்டிருக்கு?" பிறகு அவர் சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சீசன் உங்களுக்குத்தான். குடோன்ல ஒரு ஸ்ட்ராட் சும்மா கெடக்கு. கட்டைக் கிட்டாரு, கத்தாது. அத எடுத்துக்குங்க. இத வீட்டுல வச்சிருங்க" என்றார்.

நியாயமான பேச்சு. பதினான்கு பத்திகளும் அதைத்தான் சொல்லும். இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் பகலவன் வாயைத் திறந்தான்.

"வேணாம் பாய். இதையே வாசிக்கிறேன்."

"ஏன்?"

ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிடிவாதமா, வெட்கமா, தப்பாக வாங்கியதை ஒத்துக்கொள்ள மனமில்லாத திமிரா என்று வண்டி திருத்துறைப்பூண்டியைத் தாண்டும்வரை யோசித்தான். ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

"வைக்கல் எங்க வீட்டுலயே இருக்கு பாய்."

"ஊளை விட்டுச்சுன்னா?"

"இன்னுங்கொஞ்சம் அடைக்கிறேன்."

உசேன் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியிலேயே போனை எடுத்து, திருப்பூருக்கு 'வரவில்லை' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினான் பகலவன். அனுப்பியபின் தப்போ என்று நான்கு முறை எடுத்துப் படித்தான். அழிக்கவில்லை.

வேளாங்கண்ணியிலிருந்து பூதலூர்வரை இப்போது அவன் மேடை ஏறாத மண்டபம் குறைவு. பகலவன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வைக்கல் கிட்டாரு என்றால் உடனே தெரியும். உசேனின் போனிலும் அந்தப் பெயர்தான். கல்யாண வீட்டில் யாராவது, "மாட்டுக்குப் பசிச்சா என்ன தம்பி பண்ணுவீங்க?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு ஒலியைக் கூட்டுவான். மாதம் ஒருமுறை வைக்கோலை மாற்றுகிறான். சட்டையை இன்னும் செம்மொழிதான் எடுக்கிறாள்.