மேலாளர் போட்டுக்கொள்ளாத ஊசி

முதியோர் இல்லத்து மேலாளருக்கு அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் 'கிருமிநாசினி'. சளிக்காய்ச்சல் பருவம் வந்துவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. பார்க்க வரும் பேரப்பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி, சோப்பு வாசனை வருகிறதா என்று உள்ளங்கையை மோந்து பார்ப்பார். செய்தித்தாளுக்கும் மருந்து தெளிப்பார்; படிப்பதற்குள் எழுத்து கரைந்துவிடும். இருபத்தேழு முதியவர்களுக்கும் விடாப்பிடியாகத் தடுப்பூசி போடவைத்தவரும் அவர்தான். பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது, எதிரே கையெழுத்தும் இருந்தது. ஊசிதான் ஏறவில்லை.

"சார், உங்க முறை," என்றார் நர்ஸ்.

"முதல்ல பெரியவங்க, சிஸ்டர். நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

அன்று மதியம் குழாய் ரிப்பேருக்கு ஆள் தேடிப் போனவர், நர்ஸ் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் திரும்பினார்.

மூன்றாம் வாரம் அவருக்குக் காய்ச்சல். "பேசாம வீட்ல படுங்க," என்றாள் மனைவி.

"இன்னிக்கு விழிப்புணர்வுக் கூட்டம். பேசப் போறதே நான்தான்!"

மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனார். ஜன்னல் சாத்திய கூடத்தில் முக்கால் மணி நேரம் முழங்கினார். இருமல் வரும்போதெல்லாம் முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு இருமினார். கவசம் அழுக்காகக் கூடாதல்லவா? பிறகு அதே மைக்கை ஒவ்வொருவர் வாயருகிலும் நீட்டி, "கை கழுவுவேன்" என்று உறுதிமொழி சொல்லவைத்தார்.

நாலே நாளில் ஒன்பது பேர் படுத்தார்கள். ஊசி போட்டிருந்த புண்ணியத்தில் எட்டுப் பேர் ஒரு வாரத்தில் தேறிவிட்டார்கள். சர்க்கரை நோய்க்காரரான பழைய தையல்காரருக்கு மட்டும் மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மேலாளர் விசாரணையில் இறங்கினார். பால்காரர்மேல் சந்தேகம், சலவைக்காரர்மேல் சந்தேகம். நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஊசி ஒண்ணு மிச்சம் இருக்கு சார். கையெழுத்துல மட்டும் குறையே இல்ல."

மேலாளர் விசாரணையை அதோடு நிறுத்தினார். அன்று சாயங்காலமே தையல்காரரின் கட்டிலருகே போய் நின்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

தையல்காரர் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டார். "ஊசிக்கா பயந்தீங்க? நான் ஐம்பது வருஷம் அதோடதான்யா குடும்பம் நடத்துனேன்." சிரிக்கப் போய் அவருக்கு இருமல் வந்தது. மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ம்... போடுங்க," என்றார்.

"போட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சு சார்," என்றார் நர்ஸ்.

அந்த வாரமே கூடத்து ஜன்னல்கள் திறந்தன. காய்ச்சல் கண்ட ஊழியர் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம் என்று உத்தரவும் வந்தது. பதினோராம் நாள் தையல்காரர் திரும்பினார். மாடி ஏற முடியவில்லை, மூச்சு இளைத்தது. கீழே இருந்த தன் அலுவலக அறையையே மேலாளர் அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். இப்போது மேலாளரின் மேசை படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறது. எழும்போது குனிய வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது மண்டையில் இடித்துக்கொள்கிறார்.