பெயரைத் தர மறுத்த ஃபேன் அம்மா

என் தங்கை லிஃப்ட் பழுதுபார்ப்பவள். இதை எந்தப் பேச்சிலும் எப்படியாவது நுழைத்துவிடுவது என் வழக்கம். மழை வருமா என்று யாராவது கேட்டால்கூட, மழை வந்தால் லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கும், அதில் இறங்கி வேலை பார்ப்பது என் தங்கைதான் என்று ஆரம்பித்துவிடுவேன். லிஃப்ட் பாதிவழியில் நின்று உள்ளே இருப்பவர்கள் அலறும்போது, அவள் மேலே இயந்திர அறையிலிருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லச் சொல்வாள். பெயரைச் சொன்னதும் பாதிப் பேருக்குப் பயம் போய்விடுமாம்.

என் பிழைப்பும் பெயரில்தான் ஓடுகிறது. பள்ளியைப் பாதியில் விட்டவனுக்குத் தொண்டை மட்டும் போதும் என்று கிடைத்த வேலை. கண் மருத்துவமனையில் காத்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புகிறேன். யாரையும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் டாக்டரம்மாவின் கட்டளை. வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயரைப் பதிய மாதக் கடைசிவரைதான் கெடு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"பழைய பேரா ஒண்ணு வேணும் அண்ணா. இப்ப யாரும் வைக்காத பேரு. நீதானே தினமும் அந்தப் பேரையெல்லாம் கூப்பிடுற."

காரணம் எனக்குத் தெரியும். அவள் பிறந்த வருஷத்தில் எல்லோரும் வைத்த பெயரைத்தான் அவளுக்கும் வைத்தார்கள். வகுப்பில் அதே பெயரில் ஐந்து பேர். டீச்சர் குழப்பம் வேண்டாமென்று எண் போட்டுவிட்டார். படிப்பு முடியும்வரை என் தங்கை "மூணாவது". இன்றும் கடைத்தெருவில் யாராவது "ஏய் மூணாவது" என்றால் திரும்பிப் பார்க்கிறாள். தன் மகளைக் கூப்பிட்டால் அவள் ஒருத்திதான் திரும்ப வேண்டும் என்பது அவள் ஆசை. அதை என்னிடம் ஒப்படைத்தாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் எனக்கு. ஒவ்வொரு பழைய பெயரையும் மெதுவாக ஒரு முறை, கோபமாக ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். கடைசி பெஞ்சுவரை போகிறதா, ஒரே ஒருவர்தான் எழுகிறாரா என்று கவனித்தேன். தன்னை ஏன் இந்த ஆள் இரண்டு விதமாகக் கூப்பிடுகிறான் என்று ஒரு பெரியவர் டாக்டரம்மாவிடம் புகார் கொடுத்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆளைப் பார்த்ததும் பெயர் கசந்தது. ஒரு பெயர் அழகு, ஆனால் அதற்குரியவர் பெஞ்சில் குறட்டை விட்டார். இன்னொரு பெயருக்குரியவர் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மருமகளுக்கு இந்தக் குணமெல்லாம் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கழித்தேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. பெயரை எடுத்துக்கொள்ளும் முன் உரியவரிடம் கேட்பதுதானே மரியாதை? ஓர் அம்மாவிடம் கேட்டேன். காதோடு காதாகத்தான் கேட்டேன், ஆனால் என் தொண்டை அப்படிப் பழகியது இல்லை. கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. மறுநாளிலிருந்து ஆளாளுக்குத் தன் பெயருக்காகப் பரிந்து பேச வந்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லாத இருவர், தங்கள் பெயரின் பெருமையைச் சொல்வதற்கென்றே பெஞ்சில் இடம் பிடித்தார்கள். இங்கே நடப்பது வைத்தியமா தேர்தலா என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

ஒருவர் மட்டும் வரவில்லை. ஃபேனுக்கு அடியில் இருக்கும் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காததால் ஃபேன் அம்மா என்று நாங்கள் பெயர் வைத்திருந்த பெண்மணி. அவரிடமும் கேட்டு வைத்தேன்.

"என் பேரை எதுக்குத் தரணும்? வேற யாருக்கும் இல்லாத பேரு. எனக்கே வச்சுக்கறேன்."

நல்லதாகப் போயிற்று, இந்தச் சண்டைக்காரியின் பெயர் யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை இதைத் தங்கையிடம் நடித்தே காட்டினேன். ரொட்டிக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

"அண்ணா, அந்தப் பேருதான் எனக்கு வேணும்."

அவர் தர மாட்டார், வேறு நல்ல பெயர்கள் இருக்கின்றன என்று கெஞ்சினேன். கேட்காமலே வைத்துவிடு, அவருக்குத் தெரியவா போகிறது என்றுகூடச் சொன்னேன். மரியாதை பற்றிப் பேசியவன் நான்தான். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து ஃபேன் அம்மாவுக்குக் கண் கட்டைப் பிரிக்கும் நாளில் தங்கை குழந்தையோடு வந்துவிட்டாள். நேராக ஃபேனுக்கு அடியில் போய் நின்றாள். அறிமுகம் செய்துவைக்க நான் முந்தின நாளே தயார் செய்திருந்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லை. பள்ளியில் தனக்கு எண் போட்ட கதையை அவளே சொன்னாள். ஃபேன் அம்மா ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"அப்ப இவளுக்கு வச்சா மட்டும்? நான் ஒருத்தி உயிரோட இருக்கேனே. இவ ரெண்டாவதுதானே?"

"பரவாயில்லைங்க. நான் மூணாவது. என் பொண்ணு ஒரு படி மேல வந்துட்டா."

ஃபேன் அம்மாவின் வாய் கோணியது. சிரிப்பென்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. அதுவரை நான் பார்க்காத ஒன்று நடந்தது. நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.

"உட்காரு. பேரை முழுசா கூப்பிடணும். பாதியா வெட்டிச் செல்லமா கூப்பிட்டேன்னு கேள்விப்பட்டா திருப்பி வாங்கிக்குவேன்."

தங்கை தலையாட்டினாள். நான் வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன். உள்ளே யாரும் வராததால் டாக்டரம்மாவே வெளியே வந்து, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அவர் குரலும் கடைசி பெஞ்சுவரை போகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். மறுநாள் அரை மணி முன்னதாகவே வேலைக்கு வந்துவிட்டேன்.

கெடுவுக்குள் பெயரைப் பதிந்துவிட்டோம். உறவினர்கள் கேட்கும்போது, எத்தனையோ பெயர்களை அலசி ஆராய்ந்து நானே தேர்ந்தெடுத்தது என்று சொல்லி வருகிறேன். தங்கை மறுப்பதில்லை. மாப்பிள்ளைக்குத்தான் அந்த நேரம் பார்த்து இருமல் வருகிறது.