மாமாவின் விரல் கணக்கு

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இப்போது ராயகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாலிபால் பயிற்சியாளர். அணியில் புதிதாகச் சேருகிற பெண்களிடம் முதல் நாளே கறாராக ஒன்று சொல்லிவிடுவார். "விரல் கணக்க வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. அக்கா மவ, அண்ணன் மவன்னு பாசம் பொங்கக் கூடாது." பிள்ளைகள் சிரிப்பார்கள். என்னால்தான் சிரிக்க முடியாது. அந்த அக்கா மகள் நான்தான்.

கல்லூரியில் மாமா லிஃப்டர். வலையோரம் நின்று பந்தை மேலே தூக்கிக் கொடுப்பார். வேறொருவர் பாய்ந்து அடித்துக் கைதட்டு வாங்குவார். தாத்தாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "கஷ்டம் இவனுக்கு, பேரு எவனுக்கோவா?" என்று சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் முணுமுணுப்பார். ஆனால் யார் அடிப்பது, எங்கிருந்து அடிப்பது என்பதெல்லாம் மாமா எடுக்கும் முடிவு. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தன் ஆட்களுக்கு விரல் காட்டுவார். ஒன்று என்றால் பக்கத்திலேயே தாழ்வாக. இரண்டு என்றால் இடது ஓரத்துக்கு உயரமாக. மூன்று என்றால் தலைக்குப் பின்னால். எதிரணிக்குத்தான் அவர் முதுகு தெரியாதே! மொட்டைமாடியில் என்னை நிறுத்திவைத்துத்தான் இதைப் பழகுவார். ஒன்பது வயதில் வாய்ப்பாட்டைவிட எனக்கு அதுதான் நன்றாக மனப்பாடம்.

அது அவருக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம் எங்கள் ஊர் சங்கரன்கோவிலிலேயே, கடையநல்லூர்க்காரர்களோடு. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு லிஃப்டர். அந்த அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று ஒரு வாரமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நான் தெருப் பிள்ளைகளோடு மாமாவின் முதுகுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தேன். சும்மா இருந்தேனா? "ஏட்டி, எங்க மாமா ரெண்டு காட்டுதாவ பாரு. இந்த ஓரத்துக்குத்தான் போவும்!" சொன்னபடியே பந்து போயிற்று. அடேயப்பா, பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை! கொஞ்ச நேரத்தில் கூட்டமே "ரெண்டு! மூணு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. கடையநல்லூர்க்காரர்கள் என்ன காது கேளாதவர்களா? பந்து எங்கே போனாலும் அங்கே இரண்டு பேர் முன்கூட்டியே கை தூக்கி நின்றார்கள்.

மாமா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். பந்து அடிக்கிற அவருடைய நண்பர் எங்கள் பக்கம் கையை நீட்டி ஏதோ கோபமாகச் சொன்னார், மாமா ஏதோ பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் விரலே காட்டவில்லை. பந்து எங்கே வரும் என்று தெரியாமல் அவர் ஆட்களே ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள். முதல் செட் போயிற்று.

கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா சோடா வாங்கித் தருகிறேன் என்று தெருப் பிள்ளைகளையும் சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கடையில் கூட்டமான கூட்டம். திரும்பி வருவதற்குள் அடுத்த இரண்டு செட்டையும் மாமா அணி ஜெயித்திருந்தது. பார்க்க முடியாமல் போயிற்றே என்று அம்மாவிடம் ஒரே சண்டை.

அன்று மாமா என்ன சொன்னார் என்பதை அந்த நண்பர் பல வருஷம் கழித்து, மாமாவின் கல்யாணப் பந்தியில்தான் என்னிடம் சொன்னார். "அந்தப் புள்ளைய வாயப் பொத்தச் சொல்லுலேன்னேன். 'எங்கக்கா மவ, சந்தோசமா கத்துதா, விடுல'ன்னுட்டான் ஒங்க மாமா."

அன்றைக்கு எங்கே இதெல்லாம் தெரிந்தது? கோப்பை வாங்கியாயிற்று என்று குதித்துக்கொண்டிருந்தேன். நாற்காலிக்காரர் எழுந்து, தேர்வான லிஃப்டரின் பெயரை வாசித்தார். கடையநல்லூர்ப் பையன். கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார். "கை தட்டு மக்கா. நல்லா ஆடினான் அவன்."

நானும் பலமாகத் தட்டினேன். மாமா என் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்திருந்தார். இறுக்கம் கூடிக்கொண்டே போயிற்று.

"வலிக்கு மாமா," என்றேன். "நான் ஒண்ணும் விழ மாட்டேன்."