துறைமுகத்தடிப் பதுங்குகுழியில் ஓர் இடம்

கேளுங்கள் மருமகன். பேய், முனி, காத்துக்கறுப்பு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். சல்லிக் கிராமத்தில் கரைவலைக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குக் கடலை விட்டால் பயப்பட வேறென்ன இருக்கிறது? நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், சிரிப்பு வரும். சிரியுங்கள், ஆனால் முழுதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம் அது. சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கையோடு உங்கள் மாமாவுக்கு நேவி யார்டில் ஒருநாள் லீவு கிடைத்தது. டவுன் காட்டுகிறேன், கப்பல் காட்டுகிறேன் என்று மாதக்கணக்காக வாய்ப்பந்தல் போட்ட மனுசன் அன்றைக்கு உண்மையிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மூத்தவன் ராசன், நடுவில் உங்கள் பெண்சாதி தேவி, என் இடுப்பில் கைக்குழந்தை. தேவிக்கு அப்போது ஐந்து வயது இருக்கும்.

டவுன் அப்போது எங்களுடையதாகவே இல்லை. கடற்கரை முழுக்க முள்ளுக்கம்பி, சந்திக்குச் சந்தி துவக்கோடு வெள்ளைக்காரன், நின்று பார்த்தால் "போ, போ" என்று விரட்டுவான். கடைக்காரர்களுக்கும் சிப்பாய்களின் காசு கண்டு கண் மேலே போயிருந்தது, எங்களைக் கண்டால் மூஞ்சையைத் திருப்பினார்கள். ஆனாலும் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், கசகசா போட்ட சர்பத் குடித்தார்கள், பொம்பாய் மிட்டாய் தின்றார்கள், தேவி சிவந்த நாக்கை நீட்டி நீட்டி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

துறைமுகத்தடிக்குப் போய்க் கப்பல் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சைரன் ஊதியது. உச்சி வெயில். கண் மூடித் திறப்பதற்குள் தெருவில் ஒரு சனமில்லை. தகரத் தொப்பி போட்ட காவல்காரன் ஒருவன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்து எங்களை ஒரு பதுங்குகுழி வாசலுக்குத் துரத்தினான். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட குழி.

"எத்தினை பேர்? கணக்கைச் சொல்லு."

"என்னத்துக்குக் கணக்கு? கண்ணால பாக்கிறியள்தானே."

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை எண்ணிச் சொல்ல மாட்டோம், நாவூறு படும். உங்கள் மாமா வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். "காட்டுச் சனம்" என்று ஏசி அவன் எங்களை உள்ளே தள்ளினான்.

வெயிலுக்குள் இருந்து போனதால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குழி நிறைய ஆட்கள், நம்பினால் நம்புங்கள், என் முழங்காலில் எத்தனையோ முழங்கால்கள் முட்டின. ஒருவரும் கதைக்கவில்லை, ஈரத் துணி நாற்றம் மட்டும் மூக்கில் அடித்தது.

"பிள்ளையளோட வந்தனாங்கள், கொஞ்சம் அரக்கி இருங்கோ" என்று கேட்டேன்.

"இடமில்லை. வெளியில போ." ஒரு பெண் குரல், என் முகத்துக்குப் பக்கத்தில். பயத்தில் சொன்ன குரல் இல்லை அது. ஏழேழு தலைமுறைப் பகை உள்ளவள் சொல்வது போலச் சொன்னாள்.

அதோடு கைகள் வந்தன. நெஞ்சில் பிடித்துத் தள்ளின, குழந்தையின் தலையில் கூட ஒரு கை வைத்துத் தள்ளியது. "நீங்களெல்லாம் மனிசரோ?" என்று உங்கள் மாமா கத்தினார். அப்போது அதே குரல் ஆறுதலாகச் சொன்னது, "இதுக்கு மட்டும் இடமிருக்கு."

அடுத்த கணம் நான் வெளியே தரையில் கிடந்தேன். எழும்பி ஓடி சாமான் அடுக்கிற ஒரு கிட்டங்கிச் சுவரோடு விழுந்து படுத்தோம். என்னிடம் குழந்தை, அவரிடம் ராசன். தேவி அவரிடம் என்று நான், என்னிடம் என்று அவர். ஆபத்து நீங்கியதென்று மறுபடி சைரன் ஊதிய பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தேவி இல்லை, மருமகன். நான் அன்றைக்கு ஓடிய மாதிரி என் ஆயுளில் ஓடியதில்லை.

காவல்காரன் குழி வாசலிலேயே நின்றான்.

"உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம், என்ர பிள்ளையை வச்சிருக்கினம்" என்றேன்.

"ஆக்களோ? உங்களைத் தவிர ஒருத்தரும் போகேல்லை. நான் இதிலதான் நிண்டனான். நீங்கள் ஏன் விசர் பிடிச்ச மாதிரி வெளியில ஓடினனீங்கள்?"

டோர்ச் அடித்துப் பார்த்தோம். இருக்கிறதுக்கு நீளமாக ஒரு பலகை வாங்கு, அதன் நடுவில் தேவி. தோளைக் குறுக்கி, கைகளை மடிக்குள் வைத்து, சன நெரிசலான பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு இருப்போமே, அப்படி இருந்தாள். இரண்டு பக்கமும் வெறும் பலகை. அவள் அழவில்லை.

"வா பிள்ளை."

"ஏலாது அம்மா. எழும்பினா என்ர இடம் போயிடும்."

அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அவளுடைய சட்டை இரண்டு தோளிலும் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. வேர்வை என்றார். நானும் ஓம் என்றேன்.

பிறகு விசாரிக்காத இடமில்லை. குண்டு போட்டதற்குப் பிறகு வெட்டிய குழி அது, அதற்குள் ஒருவரும் சாகவில்லை, முன்பு அங்கே சுடலையும் இருந்ததில்லை. ஏதாவது ஒரு காரணம் இருந்தால் மனம் ஆறும். காரணமில்லாமல் எங்களை அப்படி வெறுத்தது யார்? நான் கணக்குச் சொல்லாததுதான் பிழை என்று உங்கள் மாமா சாகும்வரை சொன்னார். எங்கள் வழக்கத்தில் என்ன பிழை?

இதை உங்களுக்குச் சொல்லாமலே போயிருப்பேன். ஆனால் போன கிழமை பேத்திக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீள வாங்கு, ஒரு ஆள் இல்லை. தேவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் ஒடுங்கி இருந்தாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது, வெறும் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்.

"பிள்ளைக்கும் இடமிருக்கோ?"

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு தலையாட்டிவிட்டுப் பிள்ளையை மடியிலிருந்து இறக்கி அங்கே இருத்தினாள்.

அதனால்தான் பிள்ளையைப் பறித்துக்கொண்டு வந்தேன். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறேன் என்று நீங்கள் கோபிக்கலாம், ஊரும் சிரிக்கலாம், பிள்ளை என்னோடுதான் படுப்பாள். ஆனால் நேற்று விடியக் கண் விழித்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பாயில் என்னைத் தொடாமல், தோளைக் குறுக்கிக்கொண்டு, கைகளைக் கால்களுக்கு நடுவில் வைத்துப் படுத்திருந்தாள். சரியாகப் படு என்று இழுத்தேன். அவள் அசையவில்லை.